ஒரே கம்ப்யூட்டர், நான்கு பேர்: எந்த வன்பொருள் எங்கே திணறும்?

ஒரு கம்ப்யூட்டரை நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும் என்றால், பேச்சு பெரும்பாலும் புராசசரில்தான் தொடங்குகிறது. ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா, எத்தனை கோர் இருக்க வேண்டும் என்று அலசி, பட்ஜெட்டின் பெரும்பகுதியை அதிலேயே போட்டுவிடுகிறார்கள். மிச்சப் பணத்துக்கு 8 ஜிபி ரேமும் ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வந்து சேரும். பள்ளி ஆய்வகமோ, ஊர் நூலகமோ, டியூஷன் சென்டரோ, இப்படி வாங்கிய மெஷின் மூன்றாவது ஆள் பிரௌசரைத் திறந்ததும் நகராமல் நிற்கிறது. அந்த நேரத்திலும் புராசசரில் பாதிக்கு மேல் சும்மாதான் கிடக்கும்.

பகிர்ந்து பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் முதலில் தீர்ந்துபோவது மெமரி. அடுத்து டிஸ்க்கின் வேகம். அதற்கும் அடுத்து, நான்கு மானிட்டரையும் நான்கு கீபோர்டையும் எங்கே சொருகுவது என்ற கேள்வி. இதைப் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் பலரும் யோசிக்கிறார்கள். புராசசர் இந்த வரிசையில் கடைசியாகத்தான் வரும். ஏன் இந்த வரிசை என்பதைப் புரிந்துகொண்டால், எதற்கு எவ்வளவு செலவு செய்வது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

ஒரு கம்ப்யூட்டரைப் பலர் பகிர்வது, தனிக் கம்ப்யூட்டரை ஒருவரே வைத்துக்கொள்வதைவிடப் பழைய வழக்கம். 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய குழுவினரும் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பைச் செய்து காட்டினார்கள். ஐபிஎம் 709 கம்ப்யூட்டர் ஒன்று, அதோடு இணைந்த தட்டச்சு முனையங்கள் நான்கு. ஒருவருடைய புரோகிராம் சிறிது நேரம் ஓடும். அப்புறம் அதைக் காந்த நாடாவுக்கு அனுப்பிவிட்டு அடுத்தவருடையதை மெமரிக்குக் கொண்டு வரும். உட்கார்ந்திருக்கும் நான்கு பேருக்கும் கம்ப்யூட்டர் தனக்கே சொந்தம் என்ற உணர்வு வந்துவிட்டது.

இதை முறையாக நடத்த, அப்போது கடையில் கிடைத்த ஐபிஎம் 7090 வகைக் கம்ப்யூட்டர் அப்படியே போதவில்லை. தனியாகச் சொல்லிச் சில மாற்றங்களைச் செய்துவாங்க வேண்டியிருந்தது. முதலாவது ஒரு கடிகாரம். குறித்த நேரம் முடிந்ததும் அது புராசசரைத் தட்டி, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமிடமிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கி மேற்பார்வை புரோகிராமிடம் கொடுக்கும். இது இல்லையென்றால் முடிவில்லாமல் சுற்றும் ஒரே ஒரு புரோகிராம் போதும், மற்றவர்கள் எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது மெமரிக்கு ஒரு வேலி. ஒருவருடைய புரோகிராம் தன் எல்லையைத் தாண்டி இன்னொருவருடைய இடத்தில் எழுத முயன்றால் வன்பொருளே தடுத்துவிடும். மூன்றாவது, கூடுதல் மெமரி. 36 பிட் கொண்ட 32,768 சொற்கள் மேற்பார்வை புரோகிராமுக்கு, அதே அளவில் இன்னொரு தொகுதி பயனர்களுக்கு. ஒரு தொகுதி என்பது இன்றைய கணக்கில் 144 கேபி.

இதில் கவனிக்க வேண்டியது, கேட்டு வாங்கிய பட்டியலில் வேகமான புராசசர் இல்லை என்பதைத்தான். கேட்டதெல்லாம் பிரித்துக் கொடுக்கும் வசதி, காவல் காக்கும் வசதி, வைத்துக்கொள்ள இடம். இன்றைக்கு நாம் வாங்கும் எந்த மலிவான புராசசரிலும் கடிகாரமும் மெமரி வேலியும் உள்ளேயே இருக்கின்றன, அதற்காகத் தனியாக ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை. இடப் பிரச்சினை மட்டும் அறுபது வருடம் கழித்தும் அப்படியே தொடர்கிறது.

வன்பொருள் வேலி போட்டால் மட்டும் எல்லாம் பத்திரம் ஆகிவிடாது என்பதையும் சிடிஎஸ்எஸ் காலத்திலேயே கற்றுக்கொண்டார்கள். ஒரு நிர்வாகி வரவேற்புச் செய்தியைத் திருத்திக்கொண்டிருக்க, இன்னொரு நிர்வாகி அதே நேரத்தில் கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். எடிட்டர் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியது. இரண்டும் இடம் மாறிப்போய், அதற்குப் பிறகு லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் எல்லாருடைய கடவுச்சொற்களும் முனையத்தில் வரிசையாக அச்சாகி வந்தன. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 1990-ஆம் ஆண்டுக்காகப் பெற்றபோது ஆற்றிய உரையில் கார்பட்டோவே இதைச் சொல்லியிருக்கிறார். இதே வகைக் கவனக்குறைவு நம் காலத்திலும் உண்டு. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு வகையான உபுண்டுவில், 21.04 பதிப்பு வரும்வரை ஒருவருடைய ஹோம் ஃபோல்டரை அதே கம்ப்யூட்டரில் உள்ள மற்றவர்கள் திறந்து படிக்க முடியும். அதுதான் இயல்பான அமைப்பாக இருந்தது. பழைய பதிப்பைப் போட்டு வைத்திருப்பவர்கள் இதை உடனே மாற்றிவிட வேண்டும்.

சரி, இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டரைப் பகிர இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று மல்டிசீட். ஒரே பெட்டியில் நான்கு மானிட்டர், நான்கு கீபோர்டு, நான்கு மவுஸ் சொருகி, நான்கு பேர் சுற்றி உட்காருவது. இன்னொன்று நெட்வொர்க் வழி. ஓர் அறையில் சர்வர் இருக்கும், ஒவ்வொரு மேசையிலும் சின்னப் பெட்டி ஒன்று அதோடு லேன் கேபிளில் இணைந்திருக்கும். இரண்டுக்கும் மெமரி, டிஸ்க் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மல்டிசீட்டைத்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன், ஏனென்றால் சின்ன இடங்களுக்கு அதுதான் பொருந்துகிறது, தவறுவதற்கான இடங்களும் அதில்தான் அதிகம்.

மெமரியில் தொடங்குவோம். நெட்வொர்க் வழிக்குப் பெயர்போன எல்டிஎஸ்பி திட்டத்தில், உபுண்டு ஆவணங்கள் ஒரு காலத்தில் ஒரு சூத்திரம் கொடுத்தன: 256 எம்பி அடிப்படைக்கு, அதோடு ஆளுக்கு 192 எம்பி. இருபது பேருக்குப் போட்டுப் பாருங்கள், 4,096 எம்பி. அதாவது 4 ஜிபி ரேமில் இருபது மாணவர்கள். அந்தக் காலத்தில் அது பொய் இல்லை. ஒரு எழுத்துச் செயலியும், படம் போடும் மென்பொருளும், எளிய வலைப்பக்கங்களைக் காட்டும் பிரௌசரும் 192 எம்பிக்குள் அடங்கின. இணையத்தில் இந்தச் சூத்திரம் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி யாரும் இன்று ரேம் வாங்கிவிடக் கூடாது.

மாறியது பிரௌசர். இப்போது ஒவ்வொரு டேபும் கிட்டத்தட்ட ஒரு தனி புரோகிராம். ஒரு தளம் செயலிழந்தால் மற்றவை பிழைக்க வேண்டும், ஒரு தளம் இன்னொன்றின் தகவலை எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பிரிப்பு. நல்ல நோக்கம்தான், ஆனால் அதற்கான விலையை மெமரியில் கொடுக்கிறோம். மின்னஞ்சல், ஒரு காணொளி, ஓர் ஆவணம், இரண்டு செய்தித் தளம் என்று ஐந்தாறு டேப் திறந்தால் ஒன்று முதல் இரண்டு ஜிபி வரை சாதாரணமாகப் போய்விடும். எக்ஸ்எஃப்சிஇ மாதிரி எளிய டெஸ்க்டாப் ஆளுக்கு அரை ஜிபிக்குள் முடிந்துவிடும். லிப்ரே ஆபீஸ் இன்னும் ஒரு சில நூறு எம்பி எடுக்கும்.

இங்கே பகிர்வுக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. நான்கு பேர் லிப்ரே ஆபீஸைத் திறந்தால் அந்த புரோகிராமின் குறிமுறை நான்கு முறை மெமரியில் ஏறுவதில்லை. ஒரு முறை ஏறியதை நான்கு பேரும் பகிர்ந்துகொள்கிறார்கள். அவரவர் தட்டச்சு செய்த ஆவணம், திறந்த படங்கள் போன்றவை மட்டும்தான் தனித்தனியாக இடம் பிடிக்கும். முதல் ஆள் திறக்கும்போது ஐந்து விநாடி எடுத்த மென்பொருள் இரண்டாவது ஆளுக்குச் சட்டென்று திறப்பதும் இதனால்தான். ஆனால் பிரௌசருக்கு இந்த லாபம் குறைவு. வலைப்பக்கத்தின் படங்களும் ஜாவாஸ்கிரிப்ட் தரவுகளும் எல்லாமே அந்தந்த ஆளுக்குச் சொந்தமானவை. நான்கு பேரும் ஒரே தளத்தைப் பார்த்தாலும் நான்கு பிரதிகள்தான்.

ஆகவே என் கணக்கு இப்படி. இயங்குதளத்துக்கு ஒன்றரை ஜிபி, ஆளுக்கு இரண்டு ஜிபி, டிஸ்க்கிலிருந்து படித்ததை நினைவில் வைத்துக்கொள்ள லினக்ஸுக்கு இன்னொரு இரண்டு ஜிபி. நான்கு பேருக்குப் பதினொன்றரை வருகிறது. கடையில் அந்த அளவில் கிடைக்காது, 16 ஜிபிதான் வாங்க வேண்டும். புராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் தனக்கென்று ரேமிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அதற்கும் இந்த மிச்சம் உதவும். ஒரே 16 ஜிபி கட்டையாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி கட்டைகளாக வாங்குங்கள். இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் தரவு போய்வரும், உள் கிராபிக்ஸுக்கு அந்த வேகம் நன்றாகவே தெரியும். மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் இன்னும் நல்லது, பின்னால் 32-க்குப் போகலாம்.

அப்புறம் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. தனிக் கம்ப்யூட்டரில் ஒருவர் நாற்பது டேப் திறந்தால் அவர் கஷ்டப்படுவார், அவ்வளவுதான். பகிர்ந்த கம்ப்யூட்டரில் அவரோடு சேர்ந்து மூன்று பேர் கஷ்டப்படுவார்கள். லினக்ஸில் சிஸ்டம்டி என்ற உள் நிர்வாகப் பகுதி மூலம் ஒவ்வொரு பயனருக்கும் இத்தனை ஜிபிக்கு மேல் கிடையாது என்று வரம்பு வைக்க முடியும். நான்கு பேருக்கு 16 ஜிபி என்றால் ஆளுக்கு மூன்று அல்லது மூன்றரை வைக்கலாம். வரம்பு தாண்டியவரின் டேப் செயலிழக்கும், மற்றவர்கள் வேலை தடைபடாது. பொது இடத்தில் வைக்கும் மெஷினுக்கு இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

மெமரி போதாதபோது என்ன ஆகும் என்பதில்தான் டிஸ்க் வருகிறது. ரேமில் இடமில்லாததை இயங்குதளம் டிஸ்க்குக்கு அனுப்பி வைக்கும், 1961-இல் காந்த நாடாவுக்கு அனுப்பிய அதே வேலை. நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் ஹார்ட் டிஸ்க் ஒரு முறை சுற்ற 8.3 மில்லி விநாடி. தேடும் இடம் படிக்கும் தலைக்கு அடியில் வர சராசரியாக அதில் பாதி, 4.2. தலை சரியான வட்டத்துக்கு நகர இன்னும் எட்டு ஒன்பது. ஆக ஒரு வேண்டுகோளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று மில்லி விநாடி, விநாடிக்கு எண்பது வேண்டுகோளுக்கு மேல் தாங்காது. ஒருவர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அடுத்தடுத்த இடங்களில் படிப்பதால் சமாளித்துவிடும். நான்கு பேர் நான்கு மூலைகளில் கேட்கும்போது தலை இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்கும், உருப்படியாகப் படிக்கும் நேரம் கொஞ்சம்தான். சுழலும் தட்டே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இதே வகை வேண்டுகோள்களை விநாடிக்குப் பல்லாயிரக்கணக்கில் முடிக்கிறது. பகிரும் கம்ப்யூட்டரில் இயங்குதளமும் ஹோம் ஃபோல்டர்களும் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும். 256 ஜிபி போதும், ஆளுக்கு இவ்வளவு என்று டிஸ்க் ஒதுக்கீடும் வைத்துவிட்டால் ஒருவர் சினிமா இறக்கி எல்லாருடைய இடத்தையும் நிரப்ப முடியாது.

புராசசரைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மனிதர் தட்டச்சு செய்யும் வேகத்துக்கும் படிக்கும் வேகத்துக்கும் கம்ப்யூட்டர் பெரும்பாலான நேரம் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. நான்கு பேர் ஒரே விநாடியில் ஒரே கனமான வேலையைக் கொடுப்பது அபூர்வம். பங்கிடும் வேலையையும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் நியாயமாகவே செய்கிறது. ஒருவர் எட்டு புரோகிராம் ஓடவிட்டாலும் அவருக்கு எட்டுப் பங்கு போகாமல், ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கும் ஏற்பாடு இருக்கிறது. நான்கு கோர் போதும், ஆறு இருந்தால் வசதி. விதிவிலக்கு காணொளி. கிராபிக்ஸ் சிப்பே காணொளியைப் பிரித்துக் காட்டினால் புராசசருக்கு வேலை மிகக் குறைவு. அது முடியாமல் மென்பொருள் வழியாகப் பிரித்தால் 1080 தரத்தில் ஓடும் ஒரு காணொளி ஒரு கோரின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நான்கு மாணவர்கள் நான்கு பாடக் காணொளி பார்த்தால் நான்கு கோரும் போய்விடும். அதனால் எத்தனை கோர் என்ற கேள்விக்குப் பதில், கிராபிக்ஸ் எப்படி அமைகிறது என்பதில்தான் இருக்கிறது.

மல்டிசீட்டின் உண்மையான சிக்கல் கிராபிக்ஸ்தான். ஒரு கார்டில் மூன்று மானிட்டர் சொருகும் வாய் இருந்தால் மூன்று பேர் உட்காரலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். லினக்ஸில் அப்படி நடக்காது. லாகின்டி என்ற பகுதி ஒரு இருக்கையை அடையாளம் காண்பதே ஒரு கிராபிக்ஸ் கருவியை வைத்துத்தான். கார்டு முழுசாக ஒரு இருக்கைக்குச் சொந்தம். அதில் எத்தனை வாய் இருந்தாலும் அந்த ஒருவருக்கு மூன்று திரை கிடைக்குமே தவிர மூன்று பேருக்கு ஒவ்வொன்று கிடைக்காது. சுற்றுவழிகள் உண்டு, ஆனால் பள்ளியில் நிறுவிவிட்டு வரக்கூடிய அளவுக்கு அவை உறுதியானவை இல்லை. ஆக, நான்கு இருக்கை என்றால் நான்கு கிராபிக்ஸ் கருவி.

இதில் முதல் கருவி புராசசருக்குள்ளேயே இலவசமாகக் கிடைக்கும், பார்த்து வாங்கினால். இன்டெல் புராசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறைகிறதே என்று அதை எடுத்தால் ஒரு இருக்கை போய்விடும். ஏஎம்டி ரைசனின் பழைய தலைமுறைகளில் 5600ஜி போல ஜி எழுத்துள்ளதைத் தேட வேண்டும். இரண்டாவது கருவியாக ஒரு கார்டை மதர்போர்டின் நீளமான ஸ்லாட்டில் சொருகலாம். அதைச் சொருகியதும் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். மானிட்டர் கறுப்பாக நிற்கும், கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போவார்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புக்குள் போய் ஐஜிபியு மல்டி மானிட்டர் அல்லது அதுபோன்ற பெயரில் உள்ள அமைப்பை இயக்கினால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். வாங்கும் முன்பே அந்த மதர்போர்டின் கையேட்டை இறக்கி இந்த அமைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மூன்றாவது, நான்காவது கருவிக்குத்தான் தட்டுப்பாடு. சாதாரண மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டில் ஒரு நீளமான ஸ்லாட்டும் ஒன்றிரண்டு குட்டி ஸ்லாட்டும்தான் இருக்கும். குட்டி ஸ்லாட்டில் சொருகுவதற்கென்றே வந்த கார்டுகள் உண்டு, ஜிடி 710-இல் அப்படி ஒரு வகை வந்தது. 19 வாட்தான் எடுக்கும், மின்விசிறி இல்லாமலும் கிடைக்கும். ஆனால் என்விடியாவின் பழைய கார்டையும் புதிய கார்டையும் கலந்து போடாதீர்கள். ஜிடி 710-க்கு 470 வரிசை டிரைவரோடு ஆதரவு நின்றுவிட்டது, புதிய கார்டு அதைவிடப் புதிய டிரைவரைக் கேட்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்ற முடியாது. இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கு கெர்னலோடு வரும் திறந்த டிரைவரே போதும் என்பதால் மல்டிசீட்டுக்கு அவைதான் தலைவலி குறைந்தவை.

கீபோர்டு, மவுஸ் பக்கம் எளிது, ஓர் ஒழுங்கு மட்டும் வேண்டும். ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு யுஎஸ்பி ஹப். அந்த ஹப்பையே இருக்கைக்கு ஒதுக்கிவிட்டால் அதில் சொருகும் எதுவும் அந்த இருக்கைக்குத்தான் போகும்: கீபோர்டு, மவுஸ், ஹெட்ஃபோன் சொருகும் குட்டி யுஎஸ்பி சவுண்ட் கார்டு, மாணவி கொண்டுவரும் பென் டிரைவ். ஹப் இல்லாமல் தனித்தனியாக ஒதுக்கினால், நாளைக்கு யாராவது மவுஸைக் கழற்றி வேறு வாயில் சொருகும்போது அது முதல் இருக்கைக்குப் போய்விடும். இரண்டு மவுஸ் ஒரே திரையில் சண்டை போடும். ஹப் தனி மின் அடாப்டரோடு இருந்தால் நல்லது. யுஎஸ்பி 2.0 வாய் ஒன்று 500 மில்லி ஆம்பியர்தான் தரும், அதை கீபோர்டும் மவுஸும் சவுண்ட் கார்டும் பென் டிரைவும் பிரித்துக்கொண்டால் முதலில் பென் டிரைவ்தான் துண்டிக்கும். பிள்ளைகளின் செய்முறைக் கோப்பு அதில்தான் இருக்கும்.

தூரத்தையும் அளந்து பாருங்கள். யுஎஸ்பி 2.0 கேபிளின் வரம்பு ஐந்து மீட்டர். அதற்குமேல் போனால் இடையில் மின்சாரத்தோடு கூடிய ரிபீட்டர் வேண்டும். அதனால் மல்டிசீட் என்பது நான்கு பேர் ஒரே மேசையைச் சுற்றியோ, பக்கத்துப் பக்கத்திலோ உட்காரும் அமைப்பு. கேபினட்டை மேசைக்கு நடுவே, காலில் படாத உயரத்தில் வைக்க வேண்டும். அதன் பவர் பட்டனை ஒரு குழந்தை அழுத்தினால் நான்கு பேர் வேலையும் போகும், ஆகவே லாகின்டி அமைப்பில் அந்தப் பட்டனைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவிடுவது முதல் நாள் செய்யும் வேலைகளில் ஒன்று. ரீசெட் பட்டனின் ஒயரை மதர்போர்டிலிருந்து உருவி விடலாம்.

ஸ்லாட் பற்றாக்குறைக்கு யுஎஸ்பி வழியே மானிட்டரை இணைக்கும் தீர்வும் இருக்கிறது. 2012-இல் வந்த ஃபெடோரா 17 இதைப் பெரிய வசதியாகவே அறிவித்தது. டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள ஒரு குறிப்பிட்ட டாக்கிங் பெட்டியைச் சொருகினால் போதும், எந்த அமைப்பும் செய்யாமலே அங்கே இன்னொரு லாகின் திரை வந்து நிற்கும். பார்க்க அற்புதமாக இருந்தது. ஆனால் எண்களைப் பாருங்கள். 1920-க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு மூன்று பைட், ஒரு சட்டகத்துக்கு 6.2 எம்பி. விநாடிக்கு அறுபது சட்டகம் என்றால் ஏறக்குறைய 373 எம்பி, அதாவது 3 ஜிகாபிட். யுஎஸ்பி 2.0-வின் மொத்த வேகமே 480 மெகாபிட். மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்பித்தான் சமாளிக்கிறார்கள், அந்தச் சுருக்கும் வேலை புராசசர் தலையில் விழுகிறது. தட்டச்சும் மின்னஞ்சலும் நன்றாக ஓடும். முழுத்திரைக் காணொளி திக்கும். அந்த இருக்கைக்குக் காணொளியைப் பிரித்துக்கொடுக்கும் கிராபிக்ஸ் சிப்பும் கிடையாது, அதுவும் புராசசர் வேலைதான். யுஎஸ்பி 3.0-இல் 5 ஜிகாபிட் இருந்தாலும், புதிய சிப்களுக்குக் கெர்னலுக்கு வெளியே தனி டிரைவர் நிறுவ வேண்டும், மல்டிசீட்டோடு அது ஒத்துழைக்கும் என்று நம்பி வாங்குவது சரியாக வராது. இரண்டு இருக்கையைக் கார்டிலும் ஒன்றை மட்டும் யுஎஸ்பியிலும் வைக்கலாம். நான்கையும் யுஎஸ்பியில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த முறை பெரிய அளவில் செய்து பார்க்கப்பட்டதுதான். பிரேசிலின் பரானா மாநிலத்தில், அங்குள்ள கூட்டாட்சிப் பல்கலைக்கழகக் குழு நான்கு இருக்கை லினக்ஸ் மெஷின்களை உருவாக்கி அரசுப் பள்ளிகளில் நிறுவியது. பிறகு 2009-இல், நாடு முழுக்க உள்ள பள்ளிகளுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மல்டிசீட் இருக்கைகள் என்று கனடாவின் யூஸ்ஃபுல் நிறுவனத்தின் திட்டம் அறிவிக்கப்பட்டது. நம் பக்கத்தில் 2008 வாக்கில் ஆந்திராவின் 5,000 அரசுப் பள்ளிகளுக்கு என்கம்ப்யூட்டிங் நிறுவனத்தின் 50,000 இருக்கைகள் போயின, பள்ளிக்குச் சராசரியாகப் பத்து. பிசிஐ ஸ்லாட்டில் ஒரு கார்டு, அதிலிருந்து லேன் கேபிளில் மூன்று அல்லது ஐந்து குட்டிப் பெட்டிகள் என்பது அந்த நிறுவனத்தின் எக்ஸ் வரிசை அமைப்பு. அன்றைக்கு ஒரு கம்ப்யூட்டரின் விலையில் புராசசரும் பெட்டியும் பெரும்பங்கு வகித்ததால் இந்தக் கணக்கு நன்றாகவே நின்றது.

விண்டோஸில் இதைச் செய்யலாமா என்று கேட்பார்கள். சாதாரண விண்டோஸ் 10, 11 உரிமம் ஒரு நேரத்தில் ஒருவர் பயன்படுத்துவதற்குத்தான். மைக்ரோசாஃப்டே 2010-இல் பள்ளிகளுக்கென்று மல்டிபாயின்ட் சர்வர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, விண்டோஸ் சர்வர் 2016-இல் அதை ஒரு பகுதியாகச் சேர்த்தது, 2019 பதிப்பில் நீக்கிவிட்டது. இப்போது சர்வர் பதிப்பும் ஆளுக்கொரு இணைப்பு உரிமமும் வாங்க வேண்டும். அந்தச் செலவைப் போட்டால் வன்பொருளில் மிச்சம் பிடித்தது பெரும்பாலும் கரைந்துவிடும்.

நெட்வொர்க் வழியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1999-இல் தொடங்கிய எல்டிஎஸ்பி, மேசையில் உள்ள பழைய கம்ப்யூட்டர்களை வெறும் திரையாக வைத்து எல்லா வேலையையும் சர்வரிலேயே செய்தது. இன்று அதே திட்டம் தலைகீழாக மாறியிருக்கிறது. 2019-இல் புதிதாக எழுதப்பட்ட எல்டிஎஸ்பியில் இயங்குதளம் மட்டும் சர்வரிலிருந்து லேன் வழியே வரும், புரோகிராம்கள் மேசையில் உள்ள மெஷினின் சொந்தப் புராசசரிலும் ரேமிலும் ஓடும். காரணம் மேலே பார்த்த அதே காணொளிக் கணக்குதான். இருபது பேரின் திரையை லேனில் அனுப்புவதைவிட, இருபது பேருக்கும் சுருக்கிய காணொளிக் கோப்பை அனுப்பி அங்கேயே பிரிக்கச் சொல்வது நூறு மடங்கு லேசு. இந்த அமைப்புக்கு ஒவ்வொரு மேசையிலும் 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷினும், சர்வரில் எஸ்எஸ்டியும், ஜிகாபிட் சுவிட்சும் இருந்தால் போதும். சர்வருக்கு விலை உயர்ந்த புராசசர் இங்கேயும் தேவையில்லை.

மின்சாரத்தில் மல்டிசீட்டின் லாபம் இன்றும் கண்ணுக்குத் தெரியும். நான்கு இருக்கை மெஷின் சாதாரண வேலையில் 100 வாட்டைச் சுற்றி எடுக்கும், சின்ன எல்இடி மானிட்டர்கள் ஆளுக்கு 15 முதல் 20 வாட். எல்லாம் சேர்த்து 180 வாட்டுக்குள் அடங்கும். 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட் தாங்கும் என்பதால் ஒரே யுபிஎஸ்ஸில் நான்கு பேரும் வேலை செய்யலாம். ஆனால் உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி, 84 வாட் மணிதான். இவ்வளவு சுமையை இழுக்கும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிது, பத்துப் பதினைந்து நிமிடம். கரண்ட் போனால் சேமித்துவிட்டு மூடுவதற்கு அது போதும். தொடர்ந்து வகுப்பு நடத்த வேண்டுமென்றால் இன்வெர்ட்டர்தான்.

எப்போது இந்த வழியே வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அலுவலகங்கள் கழித்துக் கட்டிய சின்ன மெஷின்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. மூன்று கிராபிக்ஸ் கார்டும் தரமான ஹப்புகளும் பெரிய மதர்போர்டும் வாங்கும் பணத்தில் சில ஊர்களில் அப்படி மூன்று மெஷின் வந்துவிடும். அப்படிக் கிடைக்கிற இடத்தில் தனித்தனி மெஷின்தான் சரி. காணொளி எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு கற்பிக்கும் இடத்துக்கும் பகிர்வு பொருந்தாது, அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் முழு வேகம் கேட்பார்கள். ஏற்கெனவே நல்ல மெஷின் ஒன்று கையில் இருந்து, அதில் இன்னொருவரை உட்கார வைக்க வேண்டும் என்றால் மல்டிசீட்டைப் போல லாபம் வேறு எதிலும் இல்லை. ஒரு பழைய கார்டும், ஒரு ஹப்பும், 8 ஜிபி ரேமும் கூடுதலாகப் போட்டால் முடிந்தது. இரண்டு இருக்கை, மூன்று இருக்கை வரை இது வெகு இயல்பாக நடக்கிறது. மூன்றைத் தாண்டும்போதுதான் போர்டு, ஸ்லாட் என்று செலவு எகிறத் தொடங்கும்.

நான்கு இருக்கை போடுபவர்கள் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியை உதிரிக்கு ஒதுக்கிவிட வேண்டும். தனி மெஷின்களில் ஒன்று பழுதானால் மூன்று பேர் வேலை செய்வார்கள், இங்கே ஒரு பழுதில் நான்கு பேரும் எழுந்து போக வேண்டியதுதான். முதலில் போவது பெரும்பாலும் கேபினட்டுக்குள் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். 450 வாட் அளவில் நல்ல கம்பெனி ஒன்றைப் பிரிக்காத பெட்டியிலேயே அலமாரியில் வைத்திருங்கள். எல்லாம் அமைத்து ஓடத் தொடங்கிய அன்றே எஸ்எஸ்டியை அப்படியே இன்னொரு எஸ்எஸ்டியில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஹப் எந்த இருக்கைக்கு என்பதை ஹப்பின் அடியிலும், எந்த கார்டு எந்த மானிட்டருக்கு என்பதைக் கேபிளிலும் ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வைத்துவிட்டால், நிறுவியவர் ஊரில் இல்லாத நாளிலும் ஒரு ஆசிரியரே அரை மணி நேரத்தில் மாற்றி ஓட்டிவிட முடியும்.